பம்படி டின்

தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்ட இடத்திலேயே கஸ்தூரிக்குச் சத்தம் கேட்டது. அவள் புருஷன் மகேஸ்வரனின் தொண்டைதான். சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவில் மிஞ்சிக் கிடந்த அந்தப் பதினோரு வீட்டு லயத்தில் அவ்வளவு பெரிய தொண்டை வேறு யாருக்கும் கிடையாது.

குழாய் நின்று ஒன்பது நாள். தண்ணீர் லோரி இரண்டு நாளாகத் தலைகாட்டவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த பழைய கைப்பம்புதான் எல்லோருக்கும் படியளந்துகொண்டிருந்தது. கிழட்டுப் பம்பு அது. தலையில் ஒரு டின் தண்ணீர் ஊற்றாமல் எவ்வளவு அடித்தாலும் காற்றைத்தான் விழுங்கும். அதனால் கடைசியாகப் பிடிப்பவர் பெயிண்ட் டின்னை நிரப்பி, மூடி, பம்படியில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது லயத்துக் கட்டு. வெளியாட்கள் வந்து அடிக்காமலிருக்க இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, அந்த வாரத்து முறைக்காரர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இந்த வாரம் மகேஸ்வரன் முறை. கைப்பிடி கைக்கு வந்ததிலிருந்து அவன் நடையே மாறியிருந்தது.

டின் காலியாகக் கிடந்தது. காலியாக்கியவள் கஸ்தூரி. விடிகாலையில் குழந்தை லோஷினி வாந்தி எடுத்துப் பாயெல்லாம் நாறியது. பஸ் வேறு ஹாரன் அடித்தது. ஓடிவந்து அந்த டின்னைத் தூக்கி வாந்தித் துணிமேல் கவிழ்த்து அலசிப் போட்டுவிட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவள், வேலை தொடங்கியதும் அடியோடு மறந்துபோனாள்.

இப்போது பம்படியில் லயமே கூடியிருக்க, மகேஸ்வரனுக்கு எதிரே நின்றது தனலெட்சுமியின் புருஷன் செல்லப்பன். அவருடைய கார் மட்டும் ஈரம் சொட்ட நின்றதுதான் அவர் செய்த குற்றம்.

“லயமே நாக்கு வறண்டு கெடக்கு. உங்க காடி மட்டும் குளிச்சிட்டு நிக்குது. எப்படிண்ணே?”

“அது வாய்க்கா தண்ணி லா. மோந்து பாரு, மருந்து வாடை அடிக்கும்.”

உண்மைதான். செம்பனைக்கு அடிக்கும் மருந்தெல்லாம் கலக்கும் வாய்க்கால் அது. அந்தத் தண்ணீரைப் பம்பில் ஊற்ற ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் தாகத்தில் இருப்பவர்களுக்கு மோந்து பார்க்கவா பொறுமை இருக்கும்? பம்படிக்கு வந்துசேர்ந்த கஸ்தூரி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை பேர் முன்னால் புருஷன் மூக்கை உடைத்தால் முதல் அடி தனக்குத்தான் என்பது மூன்று வருடக் குடித்தனத்தில் அவள் படித்த பாடம். வாயை மூடிக்கொண்டாள்.

“கைப்பிடிய வச்சிருந்தா நீ என்ன பெரிய மண்டோரா, எங்கள வேல வாங்க?” என்றார் செல்லப்பன்.

மகேஸ்வரன் அந்தக் கைப்பிடியாலேயே வீசினான். முதல் அடி தோளில் விழுந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம். அவர் முழங்காலிட்டுச் சரிந்தார். கஸ்தூரி அப்போதாவது கத்தியிருக்கலாம். இரண்டாவது அடி புருவத்தைப் பிளந்தது. பின்னாலிருந்து பாய்ந்து பிடித்த கோடிவீட்டு யுகேந்திரனுக்கு முழங்கையால் ஒரு குத்து. அவன் ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான். பிடியை மட்டும் விடவில்லை.

தனலெட்சுமி இடுப்பில் லோஷினியோடு அலறிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையைக் கஸ்தூரியின் கையில் திணித்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து புருஷனின் தலையை மடியில் ஏந்தினாள்.

“தண்ணி! யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுங்கடி!”

யாரும் அசையவில்லை. கஸ்தூரி வீட்டுக்குள் ஓடி, குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் காய்ச்சி வைத்திருந்த ஒரே ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துவந்தாள். தனலெட்சுமி கொஞ்சம் ஊற்றி ரத்தத்தைக் கழுவினாள்.

“புள்ளைக்கு வச்சத எடுத்தாந்தியே. நீ நல்லா இருக்கணும்டி.”

புருஷனின் அடியைவிட அந்த வார்த்தைதான் கஸ்தூரியால் தாங்க முடியாததாக இருந்தது.

“நான்தான்க்கா,” என்றாள். “காலையில டின் தண்ணிய நான்தான் கொட்டுனேன்.”

திமிறிக்கொண்டிருந்த மகேஸ்வரன் அப்படியே நின்றான். கைப்பிடி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. தனலெட்சுமி நிமிர்ந்து கஸ்தூரியைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை இறுக்கி மூடி நீட்டினாள்.

“புள்ளைக்குப் பால் கலக்கணும்ல. வச்சிக்கோ.”

செல்லப்பனின் புருவத்திலிருந்து ரத்தம் மறுபடியும் கண்ணுக்குள் இறங்கியது. தனலெட்சுமி நைட்டியின் நுனியைத் தன் எச்சிலில் நனைத்து, அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.