சாவுக்கு வந்த விறகு

பச்சைக் கல் அறுத்து முடித்தது ஜூலையில். சூளைக்குத் தீ வைத்தது அக்டோபர் கடைசியில். நடுவில் என்னடி செய்தாய் எமெலெசி என்று கேட்டால், வீடு வீடாகப் போய் விறகுக்குக் கையேந்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் சிகோலா கிராமத்தில் பிரசவ வீடு கட்டுவதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. சம்பளம் யாருக்கும் கிடையாது. தலைநகர் லிலோங்வேயில் பிழைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தகரமும் சிமெண்டும் சேர்த்து அனுப்புவார்கள். கல்லும் மணலும் தண்ணீரும் எங்கள் பாடு. வீடு எழும்பினால் நர்ஸ் ஒருத்தி வந்து தங்குவதாக மாவட்டத்தில் சொல்லியிருந்தார்கள். செங்கல் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். வாய் பெரிசு என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

மண் குழைக்கத் தண்ணீர் சுமந்ததில் பாதி என் சிநேகிதி பலேசியின் தலைச்சுமை. அவள் மகள் தியாமிகே, தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே கல் அறுத்தாள். "போதும்டி, போய் உக்காரு" என்று அதட்டினால், "நானும் எம்புள்ளையும் படுக்கப்போற வீடு பெரியம்மா. நான் அறுத்த கல்லு இல்லாமயா?" என்று சிரிப்பாள்.

விறகுதான் வரவில்லை. குன்றில் மரம் இருந்த காலமெல்லாம் போயிற்று, இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கட்டையைப் பூட்டி வைக்காத குறை. வீட்டுக்கு ஒரே ஒரு கட்டை கேட்டேன். சாவுக்குக் குழி வெட்டுகிறவர்களின் தலைவர் ஜைலோசி அண்ணன் வீட்டுக் கொல்லையில் தைலமரக் கட்டை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"அது ஈரக்கட்டை எமெலெசி."

"போன வருசமும் ஈரம், இந்த வருசமும் ஈரம். உங்க கொல்லையில மட்டும் தனியா மழை பெய்யுதா அண்ணே?"

"உன் வாய்க்குப் பயந்தே அந்த நர்ஸ் வரமாட்டா, போ."

ஊர் முழுக்க இதே பாட்டு. அப்புறம், நாளைக்கு, பார்க்கலாம். கடைசியில் நான் என் பழைய ஆட்டுக் கொட்டகையைப் பிரித்தேன். பலேசி தன் சோளக் குதிரின் கம்புகளைப் பிடுங்கிக் கொண்டுவந்தாள். அதையும் இதையும் சேர்த்து, போதுமோ போதாதோ என்று தெரியாமலே தீ வைத்தோம். மழை தலைக்கு மேல் நின்றது. கல் வேகாவிட்டால் முதல் மழையிலேயே சேறாகிவிடும். போன வருஷம் போல இந்த முறையும் நடக்காவிட்டால் தகரத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று லிலோங்வே பிள்ளைகளும் சொல்லியாயிற்று.

மறுநாள் விடிகாலையில் தியாமிகேவுக்கு வலி கண்டது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஆற்றைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் பிணமாக ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் வண்டி திரும்பி வந்தது.

அழுகைச் சத்தம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே சூளையைத் திரும்பிப் பார்த்தேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். பிணம் கிடக்கும்போது எங்கள் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள், உலக்கை பிடிக்கமாட்டார்கள். சூளை எரிப்பதும் வேலைதானே.

நினைத்தபடியே ஜைலோசி வந்து நின்றார். சாவு வீட்டில் குழிக்காரர்கள் வைத்ததுதான் சட்டம்; ஊர்த்தலைவர்கூட மறுபேச்சு பேசமாட்டார்.

"சூளையை நிறுத்து எமெலெசி."

"அடிவரிசைதான் வெந்திருக்கு அண்ணே. இப்ப விட்டா அத்தனையும் மண்ணாப் போயிடும்."

"சாவு கிடக்குறப்ப வேலை செஞ்சவளுக்கு, நாளைக்கு எவன் குழி வெட்டுவான்?"

நிறுத்தச் சொல்லியிருக்கவே வேண்டாம், எங்கள் விறகும் தீரப்போகிற நேரம்தான்.

அதற்குள் ஜனம் வரத் தொடங்கிவிட்டது. சாவு வீட்டுக்கு எவரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அடக்கம் ஆகும்வரை வாசலில் தீ வளர்த்து ஆண்கள் காவல் இருப்பார்கள், அதற்கு வீட்டுக்கு ஒரு கட்டை. சாயங்காலத்துக்குள் பலேசியின் வாசலில் விறகு குவிந்துவிட்டது. ஜைலோசியின் தோளிலும் தைலமரக் கட்டை ஒன்று, நன்றாகக் காய்ந்தது.

பெற்றவள் பிணத்தை விட்டு எழுந்து வரக்கூடாது. பலேசி எழுந்து வெளியே வந்தாள். அந்தக் குவியலைப் பார்த்தபடி நின்றாள்.

"எமெலெசி வந்து கேட்டப்ப இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"ஜூலையில இது வந்திருந்தா இன்னைக்கு எம்மக அந்த வீட்டுல படுத்திருப்பா. பொணத்துக்குத் தூக்கிட்டு வர்றீங்களே, உசுரோட இருந்தவளுக்கு ஒரு கட்டை வரலையே!"

"உள்ள போம்மா" என்றார் ஜைலோசி மெதுவாக. "வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

"வழக்கத்தை நான் மீறலை அண்ணே. எம்மகளுக்காக நீங்க தீ வளர்த்துக் காவல் இருக்கணும், அவ்வளவுதானே? இந்த வாசல்ல வேணாம்." சூளை இருக்கிற ஓடைப் பக்கம் கை காட்டினாள். "அதோ, அவ அறுத்த கல்லு அங்க இருக்கு. அங்க இருங்க. அதுதான் அவ தீ."

சூளை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஜைலோசி தான் இறக்கிவைத்த கட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். சூளை வாயில் அதைத் திணித்தபோது அவர் அழுவதைப் பார்த்தேன். ஈரமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தத்தம் கட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காலையில் மேல்வரிசைக் கல்லும் சிவந்திருந்தது. தியாமிகேவை அடக்கம் செய்து, கை கழுவி வந்த பிறகு, நானும் பலேசியும் சூளை வாயை மண் பூசி மூடினோம். அதன் பிறகுதான் மழை வந்தது.

வீடு எழும்பிவிட்டது. நர்ஸும் வந்தாள், என் வாய்க்கு அவள் பயப்படவில்லை. இப்போது கர்ப்பிணி ஒருத்தி துணிமூட்டையோடு அங்கே தங்கப் போனால், வெந்நீருக்கும் சமையலுக்கும் வீட்டுக்கு ஒரு கட்டை போயாக வேண்டும். வாசலில் நின்று வாங்கி வைப்பவள் பலேசி. போன வாரம் ஒருத்தன், நாளைக்குக் கொண்டுவருகிறேன் அத்தை என்றான்.

"இன்னைக்கே கொண்டா" என்றாள். "நாளைக்கு வர்ற விறகு எதுக்கு எரியும்னு எனக்குத் தெரியும்."

பொழுது சாய்வதற்குள் கட்டை வந்துவிட்டது.