நங்கூரனின் பத்தொன்பதாவது இதழ்

ராஜாத்திக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். எர்ணாவூர் வீட்டில் அந்தப் பார்சலைப் பிரித்து மூன்று பக்கம் புரட்டுவதற்குள் கண்ணாடி கட்டிலுக்குப் போய்விட்டது. நான்காவது பக்கத்தில் புத்தகமும் கட்டிலுக்குப் போனது.

வந்தது 'நங்கூரன்' காமிக்ஸின் முதல் இதழ். முப்பது வருடங்களுக்கு மேல் அச்சில் இல்லாமல் கிடந்ததை ஒரு புதுப் பதிப்பகம் தூசு தட்டி, வழவழ தாளில், முழு வண்ணத்தில் கொண்டுவந்திருந்தது. நங்கூரனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஏழுமலை, ஆபத்து என்று யாராவது கூப்பிட்டால் முகமூடி மாட்டிக்கொண்டு, சங்கிலி கட்டிய நங்கூரத்தோடு வந்து நிற்பான். பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து நெருப்பு வராது. காலை ஊன்றிவிட்டால் பத்து லாரி கட்டி இழுத்தாலும் அசைய மாட்டான், அவ்வளவுதான் அவனுடைய சக்தி. வடசென்னை நெட்டுக்குப்பத்துக்காரன், கன்னங்கரேல் என்று இருப்பான், வில்லனைப் பார்த்து, "இன்னா நைனா, நவுத்திருவியா என்னிய" என்பான். அந்த ஒரு வரிக்காகவே ராஜாத்தி சின்ன வயதில் அந்தப் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

கட்டிலில் கிடந்த நங்கூரனோ பாலில் குளித்தவன் போல் வெளுத்திருந்தான். பெயர் ஆனந்தவர்மன். ஜமீன் வாரிசு. பங்களா மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "எளியோரைக் காப்பது என் குலத்தின் கடமை" என்று வசனம் பேசினான். 'இன்னா நைனா' என்று பேசியவர்கள் யார் என்றால், அவனிடம் உதை வாங்கும் திருடர்கள்.

ராஜாத்திக்கு வயது நாற்பத்திரண்டு. மாதவரத்தில் லாரி எடைமேடையில் வேலை. எட்டு மணி நேரம் கூண்டுக்குள் உட்கார்ந்து எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பவளுக்கு, இடையில் படிக்கவும் படித்ததைப் பற்றிச் சண்டை போடவும் நேரம் கிடைக்கும். சூப்பர் ஹீரோக்களைப் பற்றி அவளுக்கு இல்லாத அபிப்பிராயம் இல்லை. செத்தவனை மூன்றாம் மாதம் எழுப்பிக் கொண்டுவருவது அவளுக்குப் பிடிக்காது. "அப்புறம் இன்னாத்துக்கு அழவுட்டானுங்க எங்கள" என்பாள். நல்லவனாக இருந்தவனை விற்பனை படுத்துவிட்டது என்று கெட்டவனாக்குவது பச்சை அயோக்கியத்தனம். ஆனால் முகமூடியை ஒரு பெண் எடுத்து மாட்டிக்கொண்டால் ஆண் ரசிகர்கள் குய்யோ முறையோ என்று கத்துவார்களே, அப்போது அவள் அந்தப் பெண் பக்கம்தான். உடையை மாற்று, ஊரை மாற்று, ஆளே மாறினாலும் குணத்தை மாற்றாதே, அதுதான் அவள் சட்டம். நங்கூரனின் குணம் அவன் நிற்கிற இடம். கூலிக்காரர்களோடு நிற்கிறவன் மாடியிலிருந்து கீழே பார்த்தால் அவன் வேறு எவனோ.

இதில் அவளுக்கு மட்டும் இருந்த சங்கடம் ஒன்று உண்டு. நங்கூரன் மொத்தம் பத்தொன்பது இதழ்கள். முதல் பதினெட்டும் பதிப்பகத்திடம் இருந்தன. கடைசி இதழ் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அது இருக்கிற ஒரே இடம், தெரிந்த வரையில், ராஜாத்தியின் பீரோ. வருகிற ஞாயிறு ராயபுரத்தில் ரசிகர்கள் கூடும்போது அதைக் கையில் கொடுப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். பதிலுக்கு அட்டையின் உள்பக்கத்தில் அவளுடைய படமும் பெயரும் வரும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகப் போய்ப் படம்கூட எடுத்து வைத்திருந்தாள்.

இப்போது கொடுத்தால் பத்தொன்பதாவதையும் வெளுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால், அவள் காலத்துக்குப் பிறகு நங்கூரனின் கடைசிக் கதை பழைய பேப்பர்காரனுக்குப் போகும். இரண்டுமே அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு காலை ராயபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் இருபது பேர் கூடினார்கள். பதிப்பகத்திலிருந்து ரஞ்சித் வந்திருந்தான். முப்பது வயதுக்காரன், எதற்கெடுத்தாலும் மேடம் போடுகிறவன். அவன் வரவேற்புரையை முடிப்பதற்குள் ராஜாத்தி எழுந்துவிட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. ஏழுமலைய எங்க வெச்சிக்கிறீங்க?"

"யாரு மேடம்?"

"நங்கூரன். நெட்டுக்குப்பத்தான். அவன தூக்கிட்டு ஜமீன் புள்ளைய உக்கார வெச்சிகிறீங்க. கருப்பா இருந்தவனுக்கு சுண்ணாம்பு அட்ச்சிகிறீங்க. அவன் பேச்ச புடுங்கி திருட்டுப் பசங்க வாயில போட்டுகிறீங்க. எங்களுக்குன்னு ஒரே ஒருத்தன் இருந்தான், அவனும் உங்க கண்ண உறுத்திச்சா?"

ரஞ்சித் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பதமாகப் பிரித்து அவள் முன்னால் வைத்தான். எண்பத்தொன்பதில் வந்த அசல் முதல் இதழ். கறுப்பு வெள்ளை. மொட்டைமாடி, ஆனந்தவர்மன், குலத்தின் கடமை, எல்லாம் அப்படியே இருந்தன. நங்கூரனின் முகம் மெல்லிய கோட்டில் வரைந்து வெறும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

"நாங்க ஒரு எழுத்துகூட மாத்தல மேடம். நீங்க படிச்சது என்ன பிரதின்னு தெரியல."

ராஜாத்தி தன் பையிலிருந்து பத்தொன்பதாவது இதழை எடுத்தாள். அப்போதுதான் அதை இன்னொருவர் கண்ணால் பார்த்தாள். அது ஜெராக்ஸ். அது அவளுக்கு எப்போதும் தெரியும். தண்டையார்பேட்டையில் தாவூது பாய் வைத்திருந்த வாடகைப் புத்தகக் கடையில் எல்லாமே ஜெராக்ஸ்தான். பகலில் துறைமுக கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் ஓட்டியவர் அவர். கப்பல் பேப்பர்களை ஆறு காப்பி எடுக்கிற கையோடு காமிக்ஸையும் நாலு காப்பி எடுத்துத் தைத்து வாடகைக்கு விடுவார். மாலை அவர் வரும்வரை கடையை அவர் மனைவி பார்த்துக்கொள்வார். அசலை வாடகைக்கு விட்டால் கிழிந்துவிடும் என்பார் பாய். அவர் இறந்தபிறகு கடையை மூடும்போது அந்தக் கட்டு ராஜாத்தியிடம் வந்து சேர்ந்தது. காப்பியிலிருந்து காப்பி எடுத்து மை அப்பிப்போனதில்தான் நங்கூரன் கறுத்திருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நிமிடம் உறைத்தது. வசனங்களை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் அழகான கையெழுத்து. அச்செழுத்து போலவே இருந்தது, ஆனால் கையெழுத்துதான்.

பின்வரிசையில் யாரோ, "அக்காவோட ஹீரோ டூப்ளிகேட்டு" என்றான். சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ரஞ்சித் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல வசனம்தான் வேற மேடம், படம் முக்கால்வாசி அசல்தான். குடுங்க. மத்த பதினெட்டுக்கும் பொருந்தற மாதிரி வசனத்தை நாங்க சரி பண்ணிக்கறோம்."

"சரி பண்ணிக்கிறீங்களா" என்றாள் ராஜாத்தி. புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டை போகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் யாருக்காகச் சண்டை போட்டாள்? எடைமேடையில் கல்லைப் போட்டு எடையைத் திருத்துகிற ஆட்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவள் அவள். அவளையே ஒருத்தர் எட்டு வயதிலிருந்து ஏமாற்றியிருக்கிறார். ரஞ்சித் மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது தாவூது பாய் மேல் திரும்பியது. செத்தவரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? அவர் மனைவி பதுருன்னிசா உயிரோடுதான் இருந்தார்.

பதுருன்னிசா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். ராஜாத்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாயம்மா, நங்கூரன் புக்குல பாய் கை வெச்சாரா இல்லியா?"

"வெச்சாரு" என்றார் பதுருன்னிசா, தலையைத் தூக்காமலே. "ஆபீஸ்ல கப்பல் பேப்பர்ல தப்பு வந்தா வெள்ள மை பூசி திருத்துவாங்க. அத எடுத்தாந்து பேச்சு மேலயும் மாடி பங்களா மேலயும் பூசி, மேல எழுதி, அப்பால காப்பி எடுத்தாரு. பத்தொம்போது புக்கும். கண்ணு போச்சி அவருக்கு."

"எவன் வூட்டுக் கதையிலயோ கை வெக்கறதுக்கு இவரு யாரு? நான் அத நெசம்னு நம்பிகினு இருந்தேன். இன்னிக்கி இருபது பேரு முன்னால மானம் போச்சி எனக்கு."

பதுருன்னிசா இறால் சட்டியை நகர்த்தி வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார்.

"யாரு சொல்லி வெச்சாருன்னு கேளு."

"யாரு?"

"நீதான். மூணாங்கிளாஸு படிச்சிகினு இருந்தே. மொத புக்க வாங்கினு போயி அர மணியில திருப்பி எடுத்தாந்தே. பலகை மேல போட்டு அட்ச்சி, 'இவன் மாடி மேல நின்னுகினு நம்மள காப்பாத்துறானாம். எங்கப்பன் மாரி பேசறவன்லாம் இதுல திருடனா கீறான். எனக்கு வேணாம் இது'ன்னு சொன்னே. உங்கப்பன் அப்ப ஆர்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தான். கடையில நின்ன பசங்கல்லாம் சிரிச்சானுங்க. அவரு சிரிக்கல. மறுநாளு வெள்ள மை பாட்டிலு வந்துச்சி."

ராஜாத்தி அப்படியே படியில் உட்கார்ந்தாள். ஒன்றுமே நினைவில்லை. அந்தப் பலகையும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. ஆனால் அது தன் வாயில் வந்திருக்கக்கூடிய பேச்சுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா நினைவு வந்தது. துக்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அதைத் துடைத்த கையோடு ரஞ்சித்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், நானே கூப்பிடலாம்னு இருந்தேன். யாரோ சிரிச்சதுக்கு நான்—"

"அத வுடு. பத்தொம்போதாவது புக்க தரேன். ஒரு எழுத்து மாறக்கூடாது. வசனம் தாவூது, தண்டையார்பேட்டைன்னு மொத பக்கத்துல போடணும். என் படம் தேவையில்ல. அந்த எடத்துல அவரு படம்."

பதுருன்னிசா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "பேரு போட்டா போலீஸ் கீலீஸ் வரப்போவுதுடீ."

"அவரு மௌத்தாயி பதினெட்டு வருசம் ஆச்சி பாயம்மா. எந்த ஸ்டேஷன்ல கொண்டும்போயி குந்த வெப்பாங்க?"

மறுமுனையில் ரஞ்சித் பெருமூச்சு விட்டான். "மேடம், நல்லா யோசிங்க. பதினெட்டு புத்தகத்துல ஜமீன் வாரிசு. பத்தொன்பதாவதுல திடீர்னு மூட்டை தூக்கறவன். படிக்கறவங்களுக்கு பயங்கர கோபம் வரும். ஹீரோவை மாத்திட்டீங்கன்னு எங்களைக் கிழிப்பாங்க."

"கிழிக்கட்டும்" என்றாள் ராஜாத்தி. "கோவப்பட்டு எழுதச் சொல்லு. எட்டு வயசுல ஒருத்தி கோவப்பட்டாதான் அவன் மாடிய விட்டு எறங்கி வந்தான்."