லேசான கேஸ்

கானத்தூர்க் குப்பத்தில் குடித்துவிட்டுக் கட்டுமரம் ஏறுகிறவனைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பார்கள். பிறகு அவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தால் மரத்தில் பழைய இடம் கிடைத்துவிடும்.

கோபு சத்தியம் செய்ய மாட்டேன் என்றான். அவன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் சில மாதங்களாக மணலில் நடக்கும்போது அவன் வலது கால் இழுத்தது. நடுக்கடலில் துடுப்பு கை நழுவிப் போயிற்று. மரத்தின் சொந்தக்காரன் மாணிக்கவேல், கோபுவின் மனைவி சரளாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். "போத எறங்கினதும் வா மச்சான்" என்று எல்லார் எதிரிலும் அவனை இறக்கிவிட்டான்.

சரளாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் குடிகாரன் இல்லை என்று குப்பத்துக்கே காட்டி அவனை மறுபடி மரம் ஏற்றுவது என்று கிளம்பினாள். கிழக்குத் தாம்பரத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஜெயசீலி நரம்பு டாக்டர். கால் இழுப்பதைக் கேட்டதும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு இப்படி ஓர் ஆள் கிடைக்காமல்தான் திண்டாடிக்கொண்டிருந்தார். அது 1998. ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஸ்கேன் மெஷினுக்குள் கோபுவைப் படுக்கவைத்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

"பாரும்மா, மூளையிலேர்ந்து கைகாலுக்கு உத்தரவு போற வழியில அங்கங்க தழும்பு. அதனால ஒரு விரலை ஆட்டவே மூளை பக்கத்து இடத்தையெல்லாம் உதவிக்குக் கூப்பிடுது. ரொம்ப லேசான கேஸ். அழகா சமாளிக்கிறார்."

"அப்ப குடி இல்லியே டாக்டரம்மா?"

"குடியா? சேச்சே."

சரளா படத்தோடு நேரே கடற்கரைக்குப் போனாள். கோபு பின்னால் இழுத்து இழுத்து வந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். மாணிக்கவேல் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து நிதானமாகப் பார்த்தான்.

"ஒரு வெரல ஆட்டவே பத்து பேர கூப்டுதா இவன் மண்ட? அப்ப துடுப்பு போடணும்னா குப்பமே உள்ள எறங்கணும் போல கீது!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கோபுவும் கூடச் சிரிக்கப் பார்த்தான்.

"குடிகாரன்னா தெளிவான், ஏத்திக்கலாம். மூள கெட்டவன இட்டுகினு போயி நான் இன்னா பண்றது? இனிமே மரத்துப் பக்கம் வராத மச்சான்."

 சரளா படத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ண்ணா, பொய்யிண்ணா. அது குடிக்குது. தெனமும் குடிக்குது. மானம் போவுதேன்னுதான் டாக்டரு கத சொன்னேன்."

கோபு அவளையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மச்சான். குடிச்சிகினுதான் கீறேன்" என்றான்.

"அப்டி வா வழிக்கு. அடி சத்தியத்த!"

யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து ஓட்டுச்சில்லில் கொளுத்தினார்கள். கோபு மண்டியிட்டு ஓங்கி அடித்தான். கை மணலில் விழுந்தது. ஒருவன் விசில் அடித்தான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்தான். கற்பூரம் அணைந்தது.

"இனிமே தொடமாட்டேன்."

"நல்லது. வூட்டுக்குப் போ" என்றான் மாணிக்கவேல். "கண்ணெதிர்ல எரியற கற்பூரத்துமேல கை நிக்கல, அலைல நிக்கப்போறியா? ஏ சரளா, நாளைக்கு நேரத்தோட கூடைய எடுத்துகினு வா. தாம்பரத்துக்கு மீனு போவணும்."

மறுநாள் மரம் கரை ஏறியபோது சரளா கூடையோடு நின்றாள். அண்ணன் மீனைக் கொட்டினான். கோபுவின் இடத்திலிருந்து இறங்கிய ஆளை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டும்போது, பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"குடிச்சி குடிச்சி மூளையே அழுவிப்போச்சாண்டி. படமே புடிச்சிகீறாங்களாம்."

சரளா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.