காளியம்மைக்குப் பிடித்தவை

கேள்விகள் வந்து நாலு நாளாகியும் மஞ்சுஷா அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொச்சி பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் காலை ஒன்பதரையிலிருந்து நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. சாயங்காலம் பஸ் பிடித்து மட்டாஞ்சேரியில் வந்து இறங்கும்போது இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருக்கும். அதற்குமேல் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல அவளுக்குத் தெம்பு இருப்பதில்லை. இவை அவளிடம் கேட்ட கேள்விகளும் அல்ல. மாமியாரிடம் கேட்டவை.

கலூர் ஸ்டேடியத்தில் மஞ்சள் ஜெர்சிக் கால்பந்துக்காரர்கள் ஆடுகிற நாளெல்லாம் கிழக்கு கேலரியில் நின்று கொடி ஆட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு ரசிகரைப் பற்றிப் போடுவார்கள். அவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எப்போதிருந்து வருகிறார் என்று. இந்த வாரம் காளியம்மையின் முறை. வயது ஐம்பத்து நாலு, மாநகராட்சியில் துப்புரவு வேலை, பத்து வருஷமாக ஒரு ஆட்டம்கூட விடாதவள். அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழில் கையெழுத்து போடுவாள், அவ்வளவுதான். மகன் அபிலாஷ் ஆலுவாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டு வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருகிறவன். ஆகவே கேள்விகள் மருமகளின் போனுக்கு வந்திருந்தன.

வியாழக்கிழமை, சங்கத்துக்காரன் அனீஷ் போன் பண்ணினான்.

"சேச்சி, நாளைக்குப் போடணும். சனிக்கிழமை கலூர்ல ஆட்டம். இன்னைக்கே கிட்டினா உபகாரம்."

"தரேன்," என்று சொல்லிவிட்டு மஞ்சுஷா சமையலறைக்குள் போனாள். காளியம்மை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு பஜார் ரோட்டில் துடைப்பத்தோடு நிற்க வேண்டியவள். லாரிகள் வருவதற்குள் அரிசி மண்டி, சுக்கு மண்டி வாசலெல்லாம் பெருக்கி முடிக்க வேண்டும். எத்தனை சோப்பு போட்டாலும் அவள் கையில் சுக்குத் தூளின் காரம் லேசாக இருக்கும்.

"அம்மா, அந்தச் சங்கத்துல கேட்ட கேள்வி. இருபது இருக்கு. இப்பவே முடிச்சிரலாமா?"

"சாயா குடிச்சிட்டு?"

"குடிச்சிக்கிட்டே."

அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. தண்ணீர் வந்துவிட்டதா, கேஸ் எத்தனை நாள் வரும், மீன் வாங்கட்டுமா என்பதற்குமேல் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டது குறைவு. கல்யாணமான புதிதில் இப்படி இருக்கவில்லை. கழிந்த வருஷம் பிப்ரவரிக்குப் பிறகுதான் இப்படி. மஞ்சுஷா சாயாவைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பிடிச்ச நிறம் என்னன்னு கேட்டிருக்கு. மஞ்சள்னு போட்டிரவா?"

"மஞ்சளா? மஞ்சள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

மஞ்சுஷா நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டமுள்ள நாளில் சேலைக்குமேல் மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிற மாமியாரைத்தான் அவளுக்குத் தெரியும்.

"அது அவங்க நிறம். அங்க போறப்போ போடணும், போடுறேன். எனக்குப் பிடிச்சது வாடாமல்லி. பெட்டியில ஒரு சேலை இருக்குது பாரு, அந்த நிறம். உடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஒரு இடம்தான் இல்ல."

மஞ்சுஷா அப்படியே எழுதினாள். கடையில் தினமும் ஐம்பது பெண்களிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறவள், வீட்டிலிருக்கிற இவளிடம் மூன்று வருஷத்தில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

"பிடிச்ச சாப்பாடு?"

"பரோட்டா. கறி வேண்டாம். சீனி தூவி, சூடா சாயாவில முக்கி."

"பிடிச்ச ஆட்டக்காரர்?"

காளியம்மை கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் தெரிந்தது. "அந்த முடி நீளமா விட்ட வெள்ளைக்காரன். போன சீசன்ல இருந்தானே, பேரு வாயில வராது. கழுத்துல சங்கிலி போட்டிருப்பான்."

"அவரையா? அவர் ஓடவே மாட்டார்னு எல்லாரும் திட்டுவாங்கன்னு நீங்களே சொல்லிருக்கீங்க."

"ஓடமாட்டான். கால்கிட்ட பந்து வந்தா மட்டும் ஒரு தட்டு தட்டுவான். மத்த நேரம் இடுப்புல கை வச்சு நிப்பான். எல்லாரும்தான் ஓடுறாங்க மோளே. நானும் ஓடுறேன், நீயும் ஓடுற. ஒருத்தனாவது நிக்கட்டுமே. பாக்கவும் நல்லா இருந்தான்."

மஞ்சுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சமையலறையில் வந்த சிரிப்பு. அதைச் சாயாவோடு சேர்த்து விழுங்கிவிட்டு அடுத்ததைப் படித்தாள். முதல் ஆட்டம் எப்போது, எப்படிப் போனீர்கள்?

அது ஒரு வேலை நாள் என்றாள் காளியம்மை. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள ரோட்டைப் பெருக்க ஆள் போதாமல் மட்டாஞ்சேரியிலிருந்து நாலு பேரைக் கொண்டுபோயிருந்தார்கள். வேலை முடிந்து சோர்ந்துபோய் நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, வராத கூட்டாளியின் டிக்கெட்டை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவன் இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்சநேரம் நாற்காலியில் உட்காரலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போனாள்.

"போனா ஒருத்தனும் உட்காரல. எல்லாம் நின்னு கத்துறாங்க. பக்கத்துல ஒரு வக்கீல், கோட்டைக்கூடக் கழட்டல, அவரும் தொண்டை கிழியக் கத்துறார். நானும் கத்திப் பாத்தேன். யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. வீட்டுல கத்த முடியுமா? ரோட்டுல கத்தினா பைத்தியம்பான். அங்க கத்தினா பக்கத்துல நிக்கிறவன் தோள்ல கை போடுறான். அப்பதான் நெனச்சேன், இது நமக்கான இடம்னு."

மஞ்சுஷா எழுதிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் வலித்தது. பிடித்த ஊர், பிடித்த பூ, பயப்படுவது எதற்கு. பிடித்த பூ கேட்டதற்கு, ஆட்டம் பார்க்கப் போகும்போது பூ வைத்துக்கொண்டால் கசங்கிவிடும், அதனால் பூவே வைப்பதில்லை என்று பதில் வந்தது. பயம் எதற்கு என்றதற்கு, முட்டிக்கு என்றாள். கேலரியில் நூற்றுச் சில்லறைப் படிகள். இந்த வருஷம் பாதியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது கேள்வி முடிந்தபோது போனில் ஒரு படம் வந்தது. அனீஷ் அனுப்பியிருந்தான். 'இந்த போட்டோ போடட்டா? சூப்பர் போட்டோ.'

மஞ்சுஷா அதைப் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கூட்டத்தின் நடுவில், மஞ்சள் ஜெர்சியில், இரண்டு கையையும் தூக்கி, வாயை அகலத் திறந்து காளியம்மை. கழிந்த வருஷம் பிப்ரவரி. மஞ்சுஷாவுக்கு நாலாம் மாதம். காலையில் உதிரம் படத் தொடங்கி, எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துபோன நாள். மாமியார் மூன்று மணிக்கு வந்து வார்டு வாசலில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு காணவில்லை. ராத்திரி அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணின் தம்பி, தூக்கம் வராமல் கிடந்த மஞ்சுஷாவுக்குப் போனில் எதையெதையோ காட்டினான். அதில் அன்றைய ஆட்டத்தின் இந்தப் படமும் வந்தது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அபிலாஷிடம்கூட.

போனை மாமியாரின் பக்கம் நீட்டினாள். "இதைப் போடவான்னு கேக்குறாங்க."

காளியம்மை கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அன்னைக்கு எடுத்தது," என்றாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதே பாத்தேன்."

அடுப்பில் எதுவும் இல்லை. இருந்தும் காளியம்மை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்ப உட்காரும்போது முட்டி நொடித்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா மனசுல வச்சிருக்கியா?"

"வேற எங்க வைக்க?"

"கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லிருக்கலாமே அம்மா."

குரல் உயரவில்லை. சண்டை போடும் தெம்புகூட இல்லாத இரண்டு பேர் பேசுவதுபோலத்தான் இருந்தது. காளியம்மை தைலக் குப்பியின் மூடியைத் திருகி மூடினாள்.

"நான் வந்தப்போ நீ சுவரைப் பாத்துப் படுத்திருந்த. என்ன சொல்லணும்னு எனக்கு வரல. அபிலாஷுக்கு முன்னால எனக்கு மூணு போச்சு. அப்போ எனக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எல்லாத்தையும் நான் வெறுத்தேன். அதையே உன்கிட்ட வந்து சொல்ல எனக்கு முடியல. வெளிய வந்தேன். கலூர் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

மூன்று என்பது மஞ்சுஷா அறியாதது. அபிலாஷும் அறிந்திருக்க மாட்டான் என்று தோன்றியது.

"ஏறிப் போய், கத்துனீங்க."

"எழுபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் எழும்பி நிக்கிறாங்க, எனக்கு முன்னால முதுகுதான். அப்புறம் கோல் போட்டான். கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன் மோளே, அழுதேன்னு சொன்னா உனக்குக் கேக்க நல்லா இருக்கும். அழல. கோலுக்குத்தான் கத்தினேன். கத்தினப்போ நல்லா இருந்துச்சு. அதுதான் தப்பு. உன்னை அங்க போட்டுட்டு வந்து எனக்கு நல்லா இருந்துச்சு."

மஞ்சுஷா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் ஒரு வருஷமாக அவள் மனதில் கோபித்துக்கொண்டிருந்தது வேறொருத்தியை. தன்னை நினைக்கவே நினைக்காமல் கொடி ஆட்டப் போன ஒருத்தியை. இவளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க அங்க நின்னிருந்தா போதும்," என்றாள் கடைசியில். "ஒண்ணும் சொல்லிருக்க வேண்டாம்."

"ஆமா," என்றாள் காளியம்மை. "அதுகூட எனக்குத் தோணல."

மஞ்சுஷா அனீஷுக்கு அந்தப் படம் வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். வாடாமல்லிச் சேலை அடியில் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை, மடிப்பில் நிறம் லேசாக வெளுத்திருந்தது. கொண்டுவந்து மாமியாரின் மடியில் வைத்தாள்.

"உடுத்துங்க. வேற போட்டோ எடுக்கணும்."

"இப்பவா? முகம் கழுவக்கூட இல்ல."

"கழுவிட்டு வாங்க."

ஜன்னலோரம் நிறுத்தி எடுத்தாள். கடைப் பழக்கத்தில் கை தானாகவே போய் முந்தானையைச் சரிசெய்தது, கொசுவத்தை நீவிவிட்டது. காளியம்மை சிரிக்கவில்லை. அசதியான முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஈரம் காயாத முன்முடி. நிறம் அவளுக்கு நன்றாகத்தான் பொருந்தியது. எட்டு கேள்விகள் மீதி இருந்தன. அவற்றை அவசரமாக முடித்தார்கள். கடைசிக் கேள்வி, வாழ்க்கையில் மறக்க முடியாத ஆட்டம் எது என்பது. காளியம்மை யோசித்துவிட்டு, "அதை விட்டுரு," என்றாள். மஞ்சுஷா விட்டுவிட்டாள்.

அனீஷுக்குத் திருப்தியில்லை.

"சேச்சி, மஞ்சள்ல ஒண்ணுகூட இல்லையா? ரசிகர் பக்கம் அல்லே? நிறம்கூட வாடாமல்லின்னு எழுதிருக்கு. ஆளுங்க கலாய்ப்பாங்க."

"கலாய்க்கட்டும். அவங்க சொன்னதுதான் எழுதிருக்கு."

"அந்தப் பழைய போட்டோ அடிபொளியா இருந்துச்சு."

"அது வேண்டாம் அனீஷ். இது போதும்."

வெள்ளிக்கிழமை போட்டார்கள். கலாய்க்கவும் செய்தார்கள், முடி நீண்ட வெள்ளைக்காரனைப் பற்றித்தான் அதிகம். தினமும் டிவியில் ஆட்டம் பார்க்கிற யாரோ ஒருவர், இந்த அம்மாவுக்குப் பந்து பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தார். மஞ்சுஷா கடையில் சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் படித்தாள். கீழே ஒரு பெண், சீனியும் பரோட்டாவும் எனக்கும் பிடிக்கும் என்று எழுதியிருந்ததை மாமியாருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு. மத்தியானம் மூன்று மணிக்குக் காளியம்மை ஜெர்சியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"வரியா? அனீஷுகிட்ட சொன்னா உள்ள விடுவான்."

"இல்லம்மா. எனக்கு உறங்கணும்."

"உறங்கு."

காளியம்மை படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். மஞ்சுஷா செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அவள் கையிலிருந்த பையை வாங்கினாள். தண்ணீர் பாட்டிலும் தைலக் குப்பியும் கொடித்துணியும் உள்ள பை. இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வெயில் இறங்கவில்லை. ஆட்டோக்கள் ஒலி எழுப்பிக்கொண்டு தாண்டிப் போயின.

"அந்த மூணும் எத்தனை மாசத்துல போச்சு?" என்று மஞ்சுஷா கேட்டாள்.

"முதல் ரெண்டும் ரெண்டரை, மூணு. கடைசி அஞ்சு." காளியம்மை ரோட்டைப் பார்த்தே நடந்தாள். "அஞ்சுல போனது பொண்ணு. அபிலாஷோட அப்பாதான் கொண்டுபோனார். எங்கன்னு சொல்லல. நானும் கேக்கல. அவர் சாகிறவரைக்கும் கேக்கல."

"வேலைக்கு எப்போ போனீங்க?"

"பதினாறாம் நாள். அப்போ நான் நிரந்தரம் ஆகல. போகாட்டா வேற ஆளைப் போடுவாங்க."

"நான் ஒன்பதாம் நாள் போனேன்."

"தெரியும். நீ போன அன்னைக்கு நான் இந்த ஸ்டாப்பு வரைக்கும் பின்னால வந்தேன். நீ பாக்கல."

மஞ்சுஷா நின்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலெல்லாம் மஞ்சள் கொடிகள், உள்ளே பாட்டு. கண்டக்டர், "சேச்சி, வேகம் கேறு," என்று கதவைத் தட்டினான். காளியம்மை கம்பியைப் பிடித்து ஏற, பின்னாலிருந்து மஞ்சுஷா முதுகில் கை கொடுத்துத் தாங்கினாள். யாரோ எழுந்து இடம் விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தாள்.

"சோறு மூடி வச்சிருக்கு," என்றாள் காளியம்மை. "மீனைச் சூடாக்கிக்கோ."

பஸ் போனது. மஞ்சுஷா வீட்டுக்கு வந்து, மீனைச் சூடாக்காமலேயே கொஞ்சம் சாப்பிட்டாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். மாமியாரின் கட்டிலுக்குத்தான் ஜன்னல் காற்று வரும் என்பதால் அதிலேயே போய்ப் படுத்தாள். தலையணையில் தைல வாசனை அடித்தது. பக்கத்து வீட்டு டிவியில் ஆட்டம் தொடங்கும் சத்தம் கேட்டது. யார் கோல் போட்டார்கள் என்று கேட்பதற்குள் தூங்கிப்போனாள்.