காற்றில்லாத மதியம்

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று கைக்குக் கிடைத்த பதிவைத் திரையில் போட்டாள் பேராசிரியை. செவ்வாய்க் கிரகத்தில் வைத்திருக்கும் நிலநடுக்கமானி ஒரு நாள் முழுக்கப் பதிந்தது.

"மதியமானா தரை சூடேறி அங்கயும் காத்து கிளம்பும். கருவியப் போட்டு உலுக்கும். கோடு எப்படி ஆடுதுன்னு பாருங்க."

சொல்லிவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். மதியத்தில் கோடு ஆடவே இல்லை. ராத்திரியில் இருந்த அதே மெல்லிய நடுக்கம்தான். வேறு நாளைப் பார்ப்போம் என்று சமாளித்து மூடினாள்.

அது மாப்பிள்ளை கொடுத்த ஃபைல். அவளிடம் ஆராய்ச்சி செய்கிறவன். கம்ப்யூட்டர் அறைக்குக்கூட இஸ்திரி கலையாத சட்டையில் வருவதால் அந்தப் பெயர். செவ்வாயின் தரைக்கடியில் எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்கு ஒன்று இருப்பதாக இதே பதிவை வைத்து அவன் கண்டுபிடித்ததைச் சொல்லும் கட்டுரை, இருவர் பெயரிலும், இன்று மாலை இதழுக்குப் போக வேண்டும். அனுப்ப வேண்டியவள் அவள்.

அவன் கணக்குப் போட்ட கோடு அளவுகளின்மேல் அச்சாக உட்கார்ந்தபோதே மனசில் ஏதோ உறுத்தியது. சந்தோஷத்தில் அதை விழுங்கித் தொலைத்தாள். கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரலைச் சோதிக்கப் பொய்யாக ஒரு செவ்வாயைச் செய்து, அதன் பதிவின்மேல் நிஜ நடுக்கம் போல இரைச்சலைச் சீராகத் தூவிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அடுக்கை நாமே உள்ளே வைத்துவிட்டால், நிரல் அதைக் கண்டுபிடிக்காமல் என்ன செய்யும்? தூவிய இரைச்சலுக்கு மதியம் எது, ராத்திரி எது என்று தெரியாது.

பயல் நிஜப் பதிவுக்குப் பதிலாக அந்தப் பொய் ஃபைலை மாற்றிப் போட்டுவிட்டானோ? யாருக்கும் நடக்கக்கூடியதுதான். இல்லை, தெரிந்தேதானோ? வாய்விட்டுக் கேட்டு அது தப்பாகிப் போனால், அக்கா என்று கூப்பிட்ட வாய் இனி அப்படிக் கூப்பிடாது. கேட்காமல் அனுப்பினாலோ இரண்டு பேர் மானமும் போய்விடும்.

மாலையில் இரண்டு டீயோடு அவனே வந்தான்.

"அனுப்பிட்டீங்களாக்கா?"

"உக்காரு."

கம்ப்யூட்டரை அணைத்தே வைத்திருந்தாள். எதைப் பற்றி என்று அவனுக்கு ஒரு துப்பும் கிடைக்கக் கூடாது. கேட்டதும் எந்தக் காத்துக்கா என்று அவன் முழித்தால் போதும், தெரியாமல் நடந்ததுதான் என்று கட்டிக்கொண்டு அழுதுவிடலாம் போலிருந்தது.

"மதியத்துல காத்து எங்கடா போச்சு?"

அவன் முழிக்கவில்லை. டீயை மேசைமேல் சிந்தாமல் வைத்தான். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான். பிறகும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், கதவைப் பார்த்தபடியே நின்றான்.