நான்கு சக்கரங்களும் ஒரு விளக்கக் கடிதமும்

1

சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் தம் காரின் நான்கு சக்கரங்களின் முன்னும் குந்தி உட்கார்ந்து, பேனா முனையால் வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை வெளியேற்றுவார். டயர் தலையணைபோல் மெத்தென்று இருந்தால், பள்ளத்தில் இறங்கினாலும் சக்கரத்துக்கு வலிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு.

இந்தக் கதை எனக்கு டயர் கடையில் கிடைத்தது. என் முறைக்காகக் காத்திருந்தபோது, எழுத்தர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தம் சனிக்கிழமை வித்தையைப் பெருமையடித்து, மருமகளைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார், காதில் விழுந்தது. (ஒட்டுக்கேட்டேன் என்று எழுதி அடித்துவிட்டேன்.)

2

'ஓர் ஊரில் ஒரு சக்கரமும் ஒரு பள்ளமும் நட்பாக —'

இப்படித்தான் முதலில் தொடங்கினேன். பள்ளி ஆசிரியனின் வகுப்பறைப் பழக்கம். எதைக் கண்டாலும் அதற்கு வாய் வைத்துவிடுவேன். அதைப் படித்துப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "சக்கரம் பேசறது இருக்கட்டும். அந்த வீட்டுல மனுஷங்க யாரும் பேச மாட்டாங்களா?"

கிழித்துப் போட்டேன்.

3

பேசினார்கள். மருமகள் கண் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவள். தகுதிகாண் காலம் முடியவில்லை. மாமனாரின் காரில் போய்வந்தாள். ஒரு மழை நாளில், தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. டயர் கிழிந்தது, ரிம் நெளிந்தது.

சம்பந்திகளும் இருந்த கூடத்தில் எழுத்தர் கேட்டார்: "வேலை கண்ணாஸ்பத்திரியில. சொந்தக் கண்ண எங்கம்மா வச்சுட்டு வந்தே?"

"பள்ளம் தெரியல மாமா, தண்ணி நின்னுச்சு. மெதுவாத்தான் வந்தேன்."

"மெதுவா வந்தா ரிம்மு தானா நெளியுமா? சாவியக் குடு."

புது ரிம் வந்துசேர மூன்று வாரம். அதுவரை இரண்டு பேருந்து மாறிப் போனவள் ஐந்து நாள் தாமதமானாள். ஆறாவது முறை தாமதமானால் வேலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

4

கடைக்காரர் மற்ற மூன்று சக்கரங்களிலும் காற்றை அளந்தார்.

"ஐயா, காத்து இவ்ளோ கம்மியா இருந்தா டயர் நசுங்கி, அடி நேரா ரிம்முக்குப் போகும். ஓட்டினவங்க மேல தப்பே இல்ல. கார் கதவோரம் காத்தோட அளவு ஒட்டியிருக்கே, அதப் பாக்கலியா? யாரு காத்து பாக்கறது?"

எழுத்தர் பேனாவைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். "வீட்ல... ஒருத்தர்."

"அந்த ஒருத்தரக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. வண்டி நல்லா இருக்கும்."

நான் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தேன். (என் டயரை அளந்தபோது என்ன சொன்னார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.)

5

கேட்டது அவ்வளவே. இனி வருவது என் பொறுப்பு.

முடிவு அ: எழுத்தர் சாவியைப் பெருந்தன்மையோடு நீட்டுகிறார்: "சரி, பழச மறந்துடலாம்." இதை எழுதியபோது கை மிகச் சரளமாக ஓடியது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்தேன்.

முடிவு ஆ: பள்ளம் மன்னிப்புக் கேட்கிறது. (பழக்கதோஷம்.)

முடிவு இ: அதே கூடம். சம்பந்திகளை மறுபடி வரவழைத்திருக்கிறார். "அன்னிக்கு உங்க முன்னாடிதான் அவளப் பேசினேன்; இன்னிக்கும் உங்க முன்னாடியே சொல்லிடறேன். வாராவாரம் காத்த எறக்கினது நான். தப்பு என்னோடது."

மறுநாள் காலை, மருத்துவமனை மேலாளரின் அறை வாசல். தாமதமாக வந்தவர்களிடம் முப்பது ஆண்டுகள் விளக்கக் கடிதம் வாங்கியவர், முதன்முறையாகத் தாமே ஒன்று எழுதி வந்திருக்கிறார்: 'மேற்படி ஐந்து நாள் தாமதத்துக்கும் கீழே ஒப்பமிட்டுள்ள நானே காரணம்.'

"குடுங்க மாமா, நானே குடுத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"இல்லம்மா. கையெழுத்து என்னது. நான்தான் நிக்கணும்."

கதவு திறக்கிறது. வேலை நிலைத்ததா என்று தீர்ப்பெழுத எனக்குத் துணிவில்லை. மேலாளர் நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டு நழுவுகிறேன். கடிதம் உங்கள் மேசைமேல் இருக்கிறது. படிக்கும் முன் அவரை உட்காரச் சொல்லுங்கள், நெடுநேரமாக நிற்கிறார்.