தானாகப் பேசும் என்றார் முத்துகிருஷ்ணன்

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முத்துகிருஷ்ணனுக்கு எட்டு ஏக்கர் நிலம். அதில் ஆறு ஏக்கரில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் தூர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. நாலு ஆள் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தால் தீர்கிற வேலை. கேட்டால், மழை பெய்வது நம் கையிலா இருக்கிறது என்பார். மழையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நான் ஈஸ்வரி, இந்த ஊர்ப் பால்வாடி டீச்சர். பதினாறு வருஷத்தில் குடிக்கிற தகப்பன், அடிக்கிற தகப்பன் என்று பலரைப் பார்த்துவிட்டேன். அவர்கள் மீது கோபம் வரும். முத்துகிருஷ்ணன் மீது அதுகூட வராது. கோபப்படுவதற்கு ஆள் ஏதாவது செய்திருக்க வேண்டுமே.

அவர் மகன் சூர்யாவுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கிறது, குறை ஒன்றுமில்லை, பிள்ளையிடம் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அதைத்தான் அந்த வீட்டில் யாரும் செய்யவில்லை. காலையில் கையில் செல்போனைக் கொடுத்தால் சார்ஜ் இறங்கும் வரை பிள்ளை சத்தம் காட்டாது.

நான் போய்க் கேட்டபோது, "பயிரு தானா மொளைக்குதுல்ல டீச்சர்? பிள்ளையும் தானாப் பேசும். அவனவன் தலையில எழுதுனதுதான்" என்றார். அவர் நிலத்தில் தானாக என்ன முளைத்திருக்கிறது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கலைச்செல்வி இப்படி இருந்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போட்டாள். உப்புத் தண்ணீர், விளங்காது என்றார் அவர். தையல் படிக்கப் போகிறேன் என்றாள். நம் ராசிக்கு அதெல்லாம் ஒட்டாது என்றார். ஆறு வருஷத்தில் அவளும், என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்று பேசப் பழகிவிட்டாள். பிள்ளை பேசாமலே அதைக் கற்றுக்கொண்டான். பால்வாடியில் மரக்கட்டைகளை அடுக்கும்போது ஒன்று சரிந்தால் மற்ற பிள்ளைகள் மறுபடி எடுப்பார்கள். சூர்யா கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே பார்த்திருப்பான். அசல் அப்பன் உட்காருகிற மாதிரி.

அவர்களுடைய மிளகாய்க் கொல்லைக்குக் களையெடுக்க வரும் பூமயிலுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவள் மகள் அமுதவள்ளிக்கும் சூர்யா வயதுதான். இது கோரை, இது அருகு, இது நம்ம செடி, மிதிக்காதே என்று பூமயில் நாள் முழுக்கப் பிள்ளையிடம் பேசிக்கொண்டே களையெடுப்பாள். அந்தக் குட்டிக்கு வாய் ஓயாது.

ஆடிப்பூரத்தன்று முத்துகிருஷ்ணன், கலைச்செல்வி, சூர்யா மூவரும் கோவிலுக்குப் போனார்கள். பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டுக் கலைச்செல்வி தரிசன வரிசையில் நின்றாள். அவர் டீக்கடையில் நின்று போனைப் பார்த்தார். நிமிர்ந்தபோது பிள்ளையைக் காணோம். பேர் சொல்லத் தெரியாத ஒரு பையன் இருக்கிறான் என்று மைக்கில் அறிவித்த பிறகுதான் போலீஸ் பந்தலுக்குப் போனார். உங்கள் பிள்ளைதானா, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார் பெண் போலீஸ். சூர்யா என்று கூப்பிட்டார். பிள்ளை திரும்பவில்லை. வீட்டில் அவனுக்கு 'ஏலே' தவிர வேறு பேர் இருந்ததில்லை.

கலைச்செல்வி ஓடிவந்து, அவள் சேலையை அவன் பிடித்துக்கொண்ட பிறகே அனுப்பினார்கள். பிள்ளைக்கு நேரம் சரியில்லை என்று முத்துகிருஷ்ணன் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

மறுநாள் காலையில் பால்வாடி திறக்கும் முன்பே கலைச்செல்வி வந்து நின்றாள்.

"அவனுக்கு அவன் பேரே தெரியல டீச்சர். நான் என்ன செய்யணும்?"

எனக்குத் தெரிந்தது எடை பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும்தான். பூமயிலோடு போய் உட்காரு என்றேன். கூலிக்கு வருகிறவளிடம் பாடம் கேட்பதா என்று முத்துகிருஷ்ணனுக்கு அப்போது மட்டும் கௌரவம் பொங்கியது. அவள் போனாள். முதல் சில வாரம், சுவரோடு பேசுகிற மாதிரி வெட்கமாக இருக்கிறது என்பாள். ஆனாலும் வெங்காயம் உரித்தால் வெங்காயம் என்றாள், மாடு போனால் மாடு என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். செல்போனை பீரோவில் வைத்துப் பூட்டினாள். வீட்டில் நிம்மதியே இல்லை என்று அவர் ஊரெல்லாம் புலம்பினார்.

நாலாம் மாதம் ஒரு நாள், என் கண்ணெதிரே சூர்யா அடுக்கிய கட்டைகள் சரிந்தன. "போச்சு" என்றான். அமுதவள்ளி, "இங்கன வையி" என்று இடம் காட்டினாள். அவன் குனிந்து கட்டையை எடுத்து வைத்தான்.

இப்போது ஐந்து வயது. பேசுகிறான், ஆனால் திக்கித் திக்கித்தான். அமுதவள்ளியை எட்டிப்பிடிப்பானா என்று சொல்லத் தெரியவில்லை. போன வருஷங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

போன வாரம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குக் காகிதம் வாங்கப் புருஷன் பெண்டாட்டி இருவரும் பால்வாடிக்கு வந்தார்கள். முத்துகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல டீச்சர், தானாப் பேசும்னு. நேரம் வந்துச்சு, பேசிட்டான்."

கலைச்செல்வி குரலை உயர்த்தவில்லை.

"நேரம் ஒண்ணும் வரலங்க. நான் பேசுனேன்."

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு முட்டை உரிக்க வேண்டியிருந்தது. உள்ளே போய்விட்டேன்.